பிழைத்தவன் கதி என்ன?

(சொற்பொழிவின் சுருக்கம்)



மோட்டார், ரயில் விபத்துகளில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் வீடு வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். விபத்து நடந்த அன்று ஊரே கூடுகிறது. செத்தவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். பிழைத்தவனைப் பார்த்து, "சாமி புண்ணியத்தில் தப்பினான்" என்று சொல்லித் தேங்காய் உடைத்துவிட்டு அத்தோடு அவனை மறந்துவிடுகிறோம். தப்பினானா இல்லையா என்பது ஒரு வருஷம் கழித்தல்லவா தெரியும்? அப்போது அவன் இராத்திரியில் அலறி எழுந்திருக்கிறான். பெண்டு பிள்ளைகள் மேல் சீறி விழுகிறான். காலையில் சொன்னதை மாலையில் மறக்கிறான். உடனே சாமி புண்ணியம் போய்ப் பேய் வந்து சேர்ந்துவிடுகிறது! செத்தவனுடைய ஆவி பிடித்துக்கொண்டது என்று உடுக்கை அடிக்கிறவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் தப்பியதற்கும் காணிக்கை, தப்பியவன் தவிப்பதற்கும் காணிக்கை என்றால் இந்த வியாபாரத்தில் நஷ்டமே கிடையாது அல்லவா?

இதே தொல்லை ரயில் வளர்ந்த காலத்தில் இங்கிலாந்திலும் இருந்தது. வெளிக்காயம் இல்லாமலே தூக்கமின்மை, நடுக்கம், மறதி என்று பிரயாணிகள் வந்தார்கள். எரிக்சன் என்ற டாக்டர் 1866-ல், மோதலின் அதிர்ச்சி முதுகுத்தண்டைப் பாதித்ததே காரணம் என்றார். நஷ்டஈடு கொடுக்க வேண்டிய ரயில் கம்பெனிகளின் பக்கத்திலோ, இது பணத்துக்காகப் போடும் பாசாங்கு என்ற பேச்சு வலுத்தது. 1883-ல் பேஜ் என்ற டாக்டர், தாமே ஒரு ரயில் கம்பெனியின் டாக்டராக இருந்தும், முதுகுத்தண்டில் காயம் இல்லாவிட்டாலும் பெரும் பயமே உடலை இவ்விதம் ஆட்டிவைக்கக் கூடும் என்று எழுதினார். எரிக்சன் சொன்ன காரணம் நிற்கவில்லை; ஆனால் நோயாளி பொய் சொல்லவில்லை என்பது நின்றது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சோதித்துத் திருத்தினாரே தவிர, "முன்னோர் வாக்கு" என்று கும்பிட்டு உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் என்ற நாவலாசிரியர் 1865 ஜூன் 9-ந் தேதி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ரயில் விபத்தில் சிக்கினார். பாலத்தில் ரிப்பேருக்காகத் தண்டவாளத்தை எடுத்திருந்தார்கள். மேஸ்திரி ரயில் வரும் நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டான். பத்துப் பேர் மாண்டார்கள். டிக்கன்சுக்குப் பெரிய காயம் ஒன்றுமில்லை. அடிபட்டவர்களுக்குத் தாமே உதவி செய்தார். ஆனால் அதன் பின் ரயிலில் ஏறினால் திடீர் திடீரென்று பயம் பிடிக்கும். ஆசனத்தை இறுகப் பற்றிக்கொள்வார். அந்தப் பயம் அவர் சாகும்வரை விடவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளிக்கே அப்படி என்றால், நம் ஊர் லாரி கிளீனரைக் கோழை என்று சிரிப்பது எவ்வளவு அக்கிரமம்!

தலைக்காயமோ இன்னும் மோசம். மண்டை உடையாமலே உள்ளே மூளை அடிபடலாம். கோபம், மறதி, தலைவலி உண்டாகலாம். வருஷங்கள் கழித்துங்கூட வலிப்பு வரலாம். வலிப்பு வந்தவனுக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமேயன்றி வேப்பிலை அடித்து என்ன பயன்?

இனி முதுகெலும்பு விஷயம். 1954-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம்பெண் மோட்டார் விபத்தில் அடிபட்டு, இரண்டு கால்களும் செயலற்றுப் போனார். நம் வழக்கப்படியானால் "பூர்வஜென்மப் பாவம்" என்று மூலையில் படுக்கவைத்து அழுதிருப்போம். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் பயின்று வந்து, தம்மைப் போல் முடங்கியவர்களை எழுப்பும் இலாகாவுக்கு வேலூரில் தலைமை வகித்தார். 1966-ல் அங்கே அதற்கென்று தனி நிலையமும் ஏற்பட்டது. அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே போகிறவனுக்குக் கொடுக்கப்படுவது விபூதியல்ல, பயிற்சி.

முதுகுத்தண்டு அடிபட்டவனைக் கொல்லுவது பெரும்பாலும் விபத்தல்ல. படுக்கைப்புண்ணும் மூத்திரக் கோளாறும் கவனிப்பாரற்றுச் சீழ் வைப்பதேயாகும். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க மந்திரம் வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் முறைவைத்துக்கொண்டால் போதும். அடிபட்ட இடத்திலும், கையை ஒருவர் காலை ஒருவர் பிடித்து மூட்டை போல் தூக்காதீர்கள். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் வைத்துத் தூக்குங்கள்.

நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை. உடலில் நூற்றுக்கு எத்தனை பாகம் ஊனம் என்று டாக்டர் எழுதித்தரும் கணக்கே சம்பாத்திய நஷ்டக் கணக்கு ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இடது கை போன குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம். தச்சனுக்கும் டிரைவருக்கும் அதே கை போனால் பிழைப்பே போயிற்று. ஆகையால் ஏஜெண்டு நீட்டும் காகிதத்தில் கைநாட்டு வைக்குமுன், அடிபட்டவன் என்ன தொழில் செய்தான், இனி எதைச் செய்ய முடியாது என்பதை எழுதி வக்கீலிடம் கொடுங்கள். இராத்திரி அலறலையும் மறதியையும் டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சீட்டில் இல்லாத நோயைக் கோர்ட்டு எப்படிப் பார்க்கும்?