ஆகாயத்தில் டபுள்ஸ்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "மேடம், ரிட்டயர் ஆனதும் ஏதோ மலையிலேர்ந்து குதிச்சீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் குதிக்கவில்லை; ஓடினேன். குதிப்பதற்கும் ஓடுவதற்கும் அந்த இடத்தில் ரொம்ப வித்தியாசம் உண்டு. போகப் போகச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாத மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. 1986-ல் இங்கே பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தேன். அடுத்த வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு பெல்ட் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். 2023-ல் ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, தையலை எண்ணுவது, பக்கிள் 'டக்'கென்று பூட்டுகிறதா என்று காதால் கேட்பது. "அம்மா பிரஷர் குக்கருக்கே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் போடுவாங்க" என்று என் மகள் வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அந்த மகள் இப்போது குர்கானில் வேலை பார்க்கிறாள். நான் ஓய்வு பெற்ற வருஷம் அக்டோபரில், "அம்மா, காசி ராமேஸ்வரம் எல்லாம் அப்புறம் போகலாம், முதல்ல என்னோட ஒரு தடவை பறந்துட்டு வா" என்று ஹிமாசலப் பிரதேசத்தில் பீர் என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். டில்லியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ். விடியும்போது எதிரே தௌலாதார் மலைத்தொடர், வயல், திபெத்திய மடாலயங்கள். அங்கிருந்து 14 கிலோமீட்டர் ஜீப்பில் ஏறினால் பில்லிங் என்ற புல்மேடு. அந்த மேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். இறங்கும் இடம் அதற்குக் கீழே ஏறக்குறைய 1,000 மீட்டர். நம்ம மௌண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடம் 54 மீட்டர். அதை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினெட்டு அடுக்கி, உச்சியில் நின்று எட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது.

பாராகிளைடிங் என்பது பாராசூட் இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள்தான், ஆனால் வேலை வேறு. பாராசூட் விழுகிறவனை மெதுவாக விழ வைப்பது. இது மிதக்க வைப்பது. துணியால் தைத்த விமானச் சிறகு என்று சொல்லலாம். மேல்துணி, கீழ்த்துணி, நடுவில் வரிசையாக அறைகள். முன்விளிம்பில் வாய் திறந்திருக்கும். ஓடும்போது காற்று அந்த வாய் வழியாகப் புகுந்து, தலையணை உறைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி சிறகை விறைக்க வைக்கும். இந்த மாதிரி துணிச் சிறகை 1964-ல் அமெரிக்காவில் டோமினா ஜால்பெர்ட் என்பவர் உருவாக்கினார். 1978-ல் பிரான்சில் மியூசி என்ற ஊரில் பாராசூட் வீரர்கள் மூன்று பேர், விமானம் இல்லாமலே மலைச்சரிவில் ஓடி அதிலிருந்து பறந்தார்கள். இன்றைய பாராகிளைடிங் அங்கிருந்துதான் பரவியது.

பின்னால் பைலட், முன்னால் பயணி, இரண்டு பேருக்கும் ஒரே சிறகு. இதை டேண்டம் என்கிறார்கள். நம்ம ஊர் பாஷையில் டபுள்ஸ். ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த அம்பத்தூர்க்காரர்களுக்கு டபுள்ஸ் தெரியாதா? முன்னால் கம்பியில் ஒருவரை உட்கார வைத்து சி.டி.எச். ரோட்டில் மிதித்தவர்கள் இந்த அரங்கத்திலேயே நிறைய பேர் இருக்கிறீர்கள். ஒரே வித்தியாசம், போலீஸ்காரர் நிறுத்தி இறங்கச் சொன்னால் இதில் இறங்க முடியாது.

சிறகு கீழே போகிற வேகத்தைப் போல எட்டு மடங்கு முன்னால் போகும். பூந்தமல்லிக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், காற்று குறுக்கே இழுக்காமல் இருந்தால், ஆவடி வரை வந்து இறங்கலாம். மோட்டார் கிடையாது, பெட்ரோல் கிடையாது. வெயிலில் தரை சூடாகி மேலே எழும் காற்றில் மாட்டிக்கொண்டால் ஏறவும் செய்யும். பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டம் போட்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குத்தான்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

முதல் நாள் காலை பதினோரு மணிக்கு மேட்டில் நின்றோம். எங்களை ஏற்றிவந்த கோஷ்டியின் பெயர் வேண்டாம். நல்ல கூட்டம். ஒருவர் வந்து எனக்கு ஹார்னஸ் மாட்டினார். ஹார்னஸ் என்றால் முதுகில் மாட்டும் இருக்கை. மார்புக்கு ஒரு பட்டி, இரண்டு தொடைக்கும் இரண்டு பட்டி. என் கை தானாகவே பக்கிளைத் தேடிப் போனது. முப்பத்தாறு வருஷப் பழக்கம், சும்மா இருக்குமா? இடது தொடைப் பட்டியை இழுத்தேன். பூட்டின பக்கிள் கையோடு வந்தது. திரும்பப் பூட்டினேன். 'டக்' சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், திரும்பவும் வந்தது. அந்த ஆளிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பட்டியின் நுனியை முடிச்சுப் போட்டு, "குச் நஹி ஹோகா, ஆன்ட்டிஜி" என்றார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம்.

எஸ்டேட்டில் அந்த வார்த்தையைத் தமிழில் நிறைய கேட்டிருக்கிறேன். மாசக் கடைசி, லாரி வாசலில் நிற்கும், "ஒண்ணும் ஆகாது மேடம், கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அன்றைக்குச் சொன்ன பதிலையே அங்கேயும் சொன்னேன். "இது ரிஜெக்ட்."

என் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, எல்லாரும் போறாங்கல்ல? இங்கேயும் வந்து இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாதே" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வேறு ஹார்னஸ் கேட்டேன். இல்லை என்றார்கள். கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "நீயும் இவங்களோட போகக் கூடாது" என்று மகளிடம் சொன்னேன். முன்பணம் திரும்பி வரவில்லை. அந்தப் பதினான்கு கிலோமீட்டரும் ஜீப்பில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "உனக்கு பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

எனக்குப் பயம் இருந்தது, வாஸ்தவம். உயரம் என்றால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரையே நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஆனால் அந்த பக்கிள் என் பயத்தால் கழன்று வரவில்லை. இதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

மறுநாள் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் மூலம் வேறொரு பைலட்டைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும். சுற்றுலாத் துறையில் பதிவு செய்த உரிமத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டினார். அங்கே 2004 முதலே இதற்கென்று அரசு விதிகள் உண்டு. பைலட்டும் பதிவு செய்திருக்க வேண்டும், கருவிகளும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மேட்டுக்குப் போனதும் அவர் பறக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து காற்று காட்டும் துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று எதிரிலிருந்து வந்தால்தான் கிளம்பலாம். முதுகுப் பக்கமிருந்து அடித்தால் கிளம்பக் கூடாது. காத்திருக்கத் தெரிந்த அந்த மனுஷனைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

காத்திருந்த நேரத்தில் சிறகைத் தொட்டுப் பார்த்தேன். மெல்லிசு நைலான், சின்னச் சின்னக் கட்டமாக நெய்தது. கட்டத்தின் கோடுகளில் கெட்டி நூல் ஓடுகிறது. ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். கயிறுகள் பூத்தொடுக்கும் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன், ஆனால் அடிக்கயிறு ஒவ்வொன்றும் ஒரு ஆளைத் தாங்கும். வெயில் பட்டுப் பட்டு நைலான் நலிந்து போகும். அதனால் காற்று ஒழுகுகிறதா என்று அவ்வப்போது சோதித்து, தேறாததை ஒதுக்கிவிட வேண்டும். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், என்னைப் போல ஒருத்தி, இந்தத் தையலை எண்ணிக் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மகளின் முறை. பைலட் ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டுச் சொன்னார்: ஹெல்மெட், மார்புப் பட்டி, இடது தொடை, வலது தொடை, இரண்டு பக்கக் கொக்கி, கயிறு, காற்று, எதிரே வானம் காலி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டிஜி, நீங்களும் பார்த்துக்கோங்க" என்று சைகை காட்டினார். நான் போய் என் மகளின் தொடைப் பட்டியை இழுத்துப் பார்த்தேன். 'டக்'. அவள் ஒன்றும் பேசாமல் என் கையை ஒரு தடவை அழுத்தினாள். "தௌடோ!" என்றார் அவர். ஓடினாள். சிறகு தலைக்கு மேல் எழுந்தது. புல் முடிகிற இடத்தில் அவள் கால் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை மலை விளிம்பைத் தாண்டி ஓடுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷம் நிற்க முடிந்ததென்றால், அந்த 'டக்' என் காதில் இருந்ததால்தான்.

அவர் ஜீப்பில் திரும்பி வந்து என்னை அழைத்துப் போனார். எனக்கு ஹிந்தியில் மகள் சொல்லித் தந்தது இரண்டே பாடம்: ஓடு, உட்காராதே. புதியவர்கள் கால் தூக்கியதும் இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்கள். சிறகு இன்னும் முழுப் பாரத்தை ஏற்றிருக்காது, சரிவில் இழுபட்டு விழ நேரும். குதித்தாலும் அதே கதிதான். அதனால் தரை இருக்கிறதோ இல்லையோ, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரியான நான் ஏழெட்டு அடி ஓடினேன். எட்டாவது அடிக்குத் தரை இல்லை.

மேலே போனால் வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும் என்று நினைத்திருந்தேன். மாடியிலிருந்து பார்க்கும்போது சுவர் தரை வரை போவதால் கண் பயப்படுகிறது. அங்கே கூட வருவதற்குச் சுவரே இல்லை. கீழே தேவதாரு மரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரி. பைலட்டின் தோளில் ஒரு சின்னக் கருவி, மேலே ஏறினால் 'பீப் பீப்' என்று வேகமாகக் கத்துகிறது. இருபது நிமிஷம். வட்டமடித்து இறங்கும்போது கொஞ்சம் குமட்டியது, ஒளிக்காமல் சொல்கிறேன். இறங்கும்போது எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன், வயலில் நாலடி ஓடி நின்றோம். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "சாரிம்மா" என்று அவள் சொல்லவில்லை. "பக்கிள் சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள். எனக்கு அது போதும்.

மாணவச் செல்வங்களே, பறக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பறந்து வாருங்கள். ஆனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். 2019 நவம்பரில் அதே மாநிலத்தில் குலு பக்கத்தில் பறந்த நம் சென்னை இளைஞர் ஒருவர், நடுவானில் பெல்ட் கழன்று விழுந்து இறந்ததாகச் செய்தி வந்தது. அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு 2022 தொடக்கத்தில் அங்கே உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. ஆகவே உரிமத்தைக் கேளுங்கள். தொடைப் பட்டி இரண்டையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். உங்கள் எடையை உள்ளபடி சொல்லுங்கள்; சிறகுக்கு இவ்வளவு எடைதான் என்று கணக்கு உண்டு. பைலட்டிடம் அவசரப் பாராசூட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் ஹிமாசலில் பறக்கத் தடை. அந்த நாட்களில் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். பைலட் "இன்னைக்குக் காத்து சரியில்லை" என்று சொன்னால் சண்டை போடாமல் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆவடியில் 1961 முதல் படைவீரர்களுக்கு உடுப்பு தைக்கிறார்கள், டாங்கி செய்கிறார்கள். அம்பத்தூரில் பிரேக்கும் பெல்ட்டும் நட்டும் போல்ட்டும் செய்கிறார்கள். உங்களில் பாதிப்பேர் அந்த வேலைகளுக்குத்தான் போகப்போகிறீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட பொருளில் உயிரை வைத்து ஓடப்போகிறவரை நீங்கள் பார்க்கவே போவதில்லை. பின்னால் வரிசை உச்சுக் கொட்டும். லாரி ஹாரன் அடிக்கும். சொந்தப் பிள்ளையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதும் 'டக்' கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.