புதிய தொலைக்காட்சியும் அதன் குரலும்

வானொலியில் அமர்ந்துகொண்டு தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசுவது, பிறந்த வீட்டில் இருந்துகொண்டு புக்ககத்துப் பெருமை பேசுவது போன்றது என்று நேயர்களிற் சிலர் நினைக்கலாம். ஆயினும் நம் நாட்டில் தொலைக்காட்சி வானொலியின் மடியிலேதான் பிறந்தது. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள் தில்லியில் அதனைச் சோதனை முறையில் தொடங்கியவர்கள் அகில இந்திய வானொலியினரே. 1965-இல் அது நாள்தோறும் நிகழும் ஒளிபரப்பாயிற்று; 1976-இல்தான் தனிக்குடித்தனம் போயிற்று. ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு என்றே கொள்வோம்.

தில்லியில் நெடுங்காலமாக வாழ்கின்ற குடும்பம் எங்களுடையது. பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு அடி உள்ள கூடத்தில், 29 அங்குலப் பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டி ஒன்று பல ஆண்டுகள் எங்களுக்கு உழைத்தது. அது ஓய்ந்த பிறகு, 32 அங்குலப் புதிய தட்டைப் பெட்டி ஒன்றை உறவினர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அன்று முதல் எங்கள் தாயார் மாலை வேளைகளில் கூடத்திற்கு வருவது படிப்படியாகக் குறைந்தது. காரணம் கேட்டால், "எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், ஒருவராவது வாய்விட்டுப் பேசுகிறார்களா?" என்பார். நாங்கள் ஒலியைக் கூட்டுவோம். அப்பொழுது அவர், "ஏன் இப்படி இரைகிறது?" என்று எழுந்து போய்விடுவார். எண்பதை நெருங்கும் ஒருவர் தம் அறையில் தனியே அமர்ந்திருக்க, மற்றவர்கள் கூடத்தில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருப்பது எங்களுக்கு உவப்பாக இல்லை. புதிய பெட்டி ஒன்றும், அதற்கு உரிய ஒலிச் சாதனமும் வாங்குவதென்று முடிவு செய்தோம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போவதில்லை என்பதும் அப்பொழுதே பேசி முடித்த ஒன்று.

முதலில் அளவு. பெட்டியின் அளவை அதன் மூலைவிட்டத்தைக் கொண்டே சொல்லுகிறார்கள். இதில் ஒரு மயக்கம் உண்டு. பழைய பெட்டிகளின் திரை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தது. இக்காலத்துத் திரை பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் நீண்டு கிடப்பது. ஆகவே 29 அங்குலப் பழைய திரையின் உயரம் கணக்குப்படி பதினேழு அங்குலத்திற்குச் சற்று மேல். 32 அங்குலப் புதிய திரையின் உயரமோ பதினாறு அங்குலத்திற்கும் குறைவு. பெரிய பெட்டி வந்துவிட்டதென்று நாங்கள் மகிழ்ந்தோம். உண்மையில் பழைய நிகழ்ச்சிகளில் தோன்றுவோர் முகம் சிறுத்துப் போயிருந்தது! மூலைவிட்டம் சற்றே கூடினாலும் பரப்பு மிகுதியாகக் கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 43 அங்குலத் திரையை விட 55 அங்குலத் திரை பரப்பில் ஒன்றரை மடங்கிற்கும் அதிகம்.

அடுத்து, கடைக்காரர்கள் மிகுதியாகப் பேசுவது புள்ளிகளைப் பற்றி. 4கே எனப்படும் திரையில் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். அதற்கு முந்தைய வகையில் 20 இலட்சத்துக்கும் சற்று மேல். நான்கு மடங்கு என்பது மெய்தான். ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு அன்றோ? பழுதில்லாத கண், கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையில்தான் பிரித்தறியும். பத்தடித் தொலைவில் இது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 43 அங்குலத் திரையில், குறைந்த புள்ளிகள் உடைய வகையிலேயே ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். எங்கள் நாற்காலிகள் பத்தடித் தொலைவில் இருப்பவை. அங்கிருந்து பார்க்கும்பொழுது அந்த 83 இலட்சத்தில் பெரும்பகுதியை எங்களால் காண முடியாது. இந்நாளில் 43 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளிற் பெரும்பாலானவை 4கே வகையாகவே வருவதால் அதை வேண்டாமென்று சொல்லவும் வழியில்லை. அதற்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கடையில் திரையைப் பார்க்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏமாறத் தெரிந்த இடம் அது. கடைகளில் பகல் போன்ற விளக்கொளியில் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். திரையில் ஓடுவது பஞ்சவர்ணக்கிளி, நீர்வீழ்ச்சி, பழக்கூடை. கிளி எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும். செய்தி வாசிப்பவர் முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டோம். இணைப்பு இல்லை என்றார்கள். அடுத்த கடைக்குச் செல்லும்பொழுது ஒரு பென் டிரைவில் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தின் ஒரு பகுதியும், சாதாரணச் செய்தியறிக்கை ஒன்றும் பதிந்து எடுத்துச் சென்றோம். கறுப்பு வெள்ளைப் படம் நல்ல உரைகல். நிறம் சீராக இல்லாத திரையில் சாம்பல் நிறம் பச்சையாகவோ செந்நீலமாகவோ சாயும். இரவுக் காட்சியில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறதா, வெளுத்த சாம்பலா என்பதும் உடனே விளங்கும்.

இன்னொன்றும் செய்தோம். திரைக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நடந்து போய்ப் பார்த்தோம். எங்கள் தாயாரின் நாற்காலி கூடத்தின் மூலையில் இருப்பது; மின்விசிறிக் காற்று அங்கே நேராகப் படாது என்பதால் அவர் அதை விட்டு நகரமாட்டார். எல்.இ.டி. என்று விற்கப்படும் பெட்டிகள் யாவும் திரவப் படிகத் திரைகளே. பின்னால் இருந்து ஒளி தரும் விளக்குகள்தாம் எல்.இ.டி. ஆகும். இவற்றுள் ஒருவகை நேரே பார்க்கக் கறுப்பை நன்கு காட்டி, பக்கத்தில் போனால் வெளிறிவிடும். மற்றொருவகை கறுப்பில் சற்றுக் குறைந்தாலும் எப்புறமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஓ.எல்.இ.டி. என்னும் உயர்ந்த வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் இரண்டு குறையும் இல்லை. ஆனால் அதன் விலை எங்கள் வரம்புக்கு அப்பாற்பட்டது. அன்றியும், ஒரே சின்னம் மணிக்கணக்காகத் திரையின் மூலையில் நிற்கும் செய்தி நிலையங்களையே பார்ப்பவர்களுக்கு, நாளடைவில் அத்தடம் திரையில் பதிந்துவிடும் அச்சமும் அதில் உண்டு. நாங்கள் 43 அங்குலத்தில் இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுத்தோம். மின்சாரத்தை எவ்வளவு உண்ணும் என்பதை அறிவிக்கும் நட்சத்திரச் சீட்டையும் படித்துப் பார்த்தோம். 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளின் மீதான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது எங்களுக்கு ஓர் ஆறுதல்.

படம் கிடைத்துவிட்டது. குரல்தான் சங்கடம்.

பெட்டிகள் மெலிய மெலிய அவற்றின் ஒலிபெருக்கிகளுக்கு இடமில்லாமற் போயிற்று. பழைய பெட்டியில் ஒலிபெருக்கி முன்புறம் நம்மை நோக்கி இருந்தது. புதியவற்றிற் பலவற்றில் அது அடிப்புறம் தரையை நோக்கியோ, பின்புறம் சுவரை நோக்கியோ இருக்கிறது. பேசுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது போலத்தான். இதோடு முதுமையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. வயதானவர்களுக்கு முதலில் குறைவது உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் ஆற்றல். உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில், வலிமையோடு வருவது. க, ச, த, ப முதலிய வல்லெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் உயர்ந்த அதிர்வுகளில் இருப்பவை. படம், தடம், கடம் என்ற மூன்று சொற்களும் அத்தகைய காதுக்கு ஒன்றே. ஒலியைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற பகுதிதான் மேலும் இரைகிறது. கேளாத பகுதி கேளாமலே நிற்கிறது. எங்கள் தாயார் சொன்ன இரண்டு புகார்களும் ஒன்றுக்கொன்று முரண் என்று எண்ணியிருந்தோம். இரண்டும் உண்மை என்பது காது மருத்துவர் சொன்ன பிறகே விளங்கிற்று. இத்தகைய வீட்டார் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போவது நல்லது.

இதை அறிவதற்கு முன்னரே நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம். பெட்டி வாங்கிய கடையிலேயே, 600 வாட்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட நீண்ட ஒலிக்கட்டை ஒன்றை, தாழ்ந்த ஓசைக்கான தனிப்பெட்டியுடன் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தோம். இனி அம்மாவுக்குக் குறையே இராது என்றார் விற்பனையாளர். வீட்டில் அதைத் தொடங்கியதும் முரசொலி கிளம்பிற்று, அடுத்த வீட்டார் சுவரைத் தட்டினர், அம்மாவோ, "மேளம் நன்றாக இருக்கிறது, என்ன சொன்னார்கள்?" என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டோம். அட்டைப்பெட்டியைப் பிரித்தாயிற்று என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். வாட்டுக் கணக்கு மயக்கத்திற்கு உரியது என்பதை அப்பொழுதே தெரிந்துகொண்டோம். ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி மூன்று டெசிபெல்தான் ஏறும். காதுக்கு அது சற்றே கூடியதாகத் தோன்றும், அவ்வளவே. ஓர் இல்லத்துக் கூடத்திற்கு இடைவிடாது நிலைத்து நிற்கும் இருபது முப்பது வாட்டே தாராளம்.

சில ஒலிக்கட்டைகளில் பேச்சைத் தெளிவாக்கும் விசை ஒன்று உண்டு. நடுவில் பேச்சுக்கென்றே தனி ஒலிபெருக்கி உள்ளவையும் உண்டு. அவற்றைப் பார்த்து வாங்கியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். நாங்கள் வாங்கியதில் இரண்டும் இல்லை. அதைப் பாட்டில் ஆர்வமுள்ள எங்கள் மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் இரண்டு நாள் சுற்றினோம். முடிவில், அலமாரியில் வைக்கத்தக்க அளவிலான இரண்டு ஒலிபெருக்கிகளும், ஒருமுறை கைமாறிய சிறிய ஆம்பிளிஃபையர் ஒன்றும் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தன. கடைக்காரர் செய்தியறிக்கையை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்படி சொன்னார். இப்படிச் சொன்ன கடைக்காரர் அவர் ஒருவரே.

இணைப்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் பழைய சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லை, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவோ ஒளிக்கம்பி வழியாகவோதான் ஒலியை வெளியே எடுக்க முடியும். பெட்டியின் பின்புறத்தைப் பார்க்காமல் ஆம்பிளிஃபையர் வாங்கக் கூடாது. கம்பியில்லாத புளூடூத் முறை எளிதுதான். ஆயினும் அதில் ஒலி ஒரு கணம் பின்தங்கி வருவதுண்டு. காது குறைந்தவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறவர்கள்; உதடு முந்தி, ஒலி பிந்தி வந்தால் அவர்களுக்கு அந்த உதவியும் போயிற்று. கம்பியில்லாக் காதணிக் கருவி ஒன்றையும் தாயாருக்குக் காட்டினோம். "காதைப் பொத்திக்கொண்டு நான் மட்டும் தனியாகச் சிரிக்கவா?" என்று கேட்டு அதை மேசைமேல் வைத்துவிட்டார். அதற்குமேல் வற்புறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒலிபெருக்கிகளைத் திரையின் இருபுறமும், அமர்ந்திருப்பவர் காதின் உயரத்தில் வைத்து, இரண்டையும் அவர் நாற்காலியை நோக்கிச் சற்றே திருப்பினோம். பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டாமல் தாழ்ந்த மேசையிலேயே வைத்தோம். படம்போல உத்தரத்தருகே மாட்டிவிட்டுக் கழுத்துவலி தேடிக்கொள்வோர் பலர். பிறகும் ஏதோ ஒரு தெளிவின்மை எஞ்சிற்று. கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தோம். ஓசை சுவருக்குச் சுவர் ஓடிற்று. சலவைக்கல் பொடித் தரை, வெறும் சுவர், கண்ணாடிச் சன்னல். எல்லாம் ஒலியைத் திருப்பியடிப்பவை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்கு முன் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது. பெட்டியில் மடித்து வைத்திருந்த ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தோம். சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை தைத்து மாட்டினோம். செலவில் மிகக் குறைந்தது அதுதான். அம்மாவின் செவிக்கருவியும் அதன் பிறகுதான் அவருக்குப் பயன்பட்டது; அதற்கு முன் அது சுவரின் இரைச்சலையும் சேர்த்தல்லவா பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது!

செய்தியும் இசைக்கச்சேரியும் இப்பொழுது அவருக்குத் தெளிவாகக் கேட்கின்றன. மூலை நாற்காலி மாலையில் காலியாக இருப்பதில்லை. இக்காலத் திரைப்படங்கள் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அவற்றில் பின்னணி இசை பேச்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு எந்த ஒலிபெருக்கியும் பொறுப்பாகாது. அத்தகைய படங்களுக்கு, கிடைக்கும்பொழுது, அடியில் எழுத்துகளை ஓடவிடுகிறோம். அம்மா அவற்றை உரக்கப் படிக்கிறார்.