ஊர்மன்றமும் சிறைக்கதவும்



குடியாட்சியின் வேர் எங்கே இருக்கிறது? சட்டமன்றத்தில் என்பார் சிலர். ஊர்மன்றத்தில் என்பார் சிலர். இரண்டோடு சிறைச்சாலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆள்வோருக்கு ஒவ்வாத கொள்கை உடையவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பது அங்கேதான் தெரியவரும்.

இதற்குச் சான்று எங்கள் ஊர்ப்பக்கத்து வரலாற்றிலேயே உண்டு. நான் செட்டியார்பட்டியைச் சேர்ந்தவன். அண்மையிலுள்ள இராஜபாளையம் சென்னை மாகாணத்துக்கு ஒரு முதலமைச்சரைத் தந்தது. பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அவர் காந்தியடிகளின் வழி நின்றவர். விடுதலைப் போரில் சிறை கண்டவர். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு ஈந்தவர். அவர் ஆட்சியில், 1950ஆம் ஆண்டில், சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் பிறந்தது. ஊராரிடம் அதிகாரம் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அதே ஆண்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். மாகாணத்தில் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். 1947 டிசம்பர் முதல் சிறையிலிருந்த ஏ. கே. கோபாலன், புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடமும் சொல்லக் கூடாதென்ற 14ஆம் பிரிவு வீழ்ந்தது. ஏனைய சட்டம் நின்றது. கோபாலனுக்கு விடுதலை கிட்டவில்லை. நீதிபதி பசல் அலி மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார்.

அரசின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1948இல் அக்கட்சி ஆயுதக் கிளர்ச்சி வழியை மேற்கொண்டிருந்தது. ஆயினும் செய்த குற்றத்தை மெய்ப்பித்துத் தண்டிப்பது ஒன்று. செய்யக்கூடும் என்றெண்ணி விசாரணையின்றி அடைத்துவைப்பது வேறொன்று.

கோபாலன் 1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1977இல் மறைந்தார். மறு ஆண்டு மேனகா காந்தி வழக்கில், உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. பசல் அலியின் கருத்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

இனி, இடதுசாரிகள் ஊராட்சியைப் பற்றிச் சொல்வது யாது? கூலிக்காகப் பண்ணையாரை அண்டி நிற்பவன் ஊர்க்கூட்டத்தில் அவரை எதிர்த்துக் கை தூக்குவானோ என்று அவர்கள் வினவுகின்றனர். நிலமும் கூலியும் சீர்படாமல் வாக்குரிமை முழுமை பெறாது என்பது அவர்தம் வாதம். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினர்.

வாதம் வலிமையானதே. ஆனால் சமதர்மம் பேசுவோரும் தம்மை இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். ‘சோவியத்’ என்ற ரஷ்யச் சொல்லுக்கு மன்றம் என்பது பொருள். அம்மன்றங்களின் பெயரால் எழுந்த ஆட்சி, 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் தன் பழைய தலைவர்களையே போலி வழக்குகளில் நிறுத்திக் கொன்றது. கூடத்தில் மாற்றுக் குரல் அடங்கியபின் மன்றம் வெறும் பெயராயிற்று.

மாணவர்களே, அச்சமின்றி வாய் திறக்க இயலாத ஊரில் தேர்தல் நடக்கலாம், ஊராட்சி நடவாது. உங்கள் ஊர்க்கூட்டத்துக்குச் செல்லுங்கள். குடிநீர்க் கணக்கைக் கேளுங்கள். உங்களுக்கு ஒவ்வாத கருத்தை ஒருவர் சொல்ல எழுந்தால், அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கச் செய்யுங்கள். கோபாலன் வழக்கு நமக்குக் கற்பிப்பது அவ்வளவே.