கசியும் இணைப்பு



ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் அருகே, கற்களின்மேல் ஏற்றி வைத்த தகர அறையொன்றில் என் தம்பி வசிக்கிறான். அங்குச் சென்றிருந்தபோது அறையின் அடியில் ஈரம் கண்டேன். குனிந்து நோக்கினால், குழாய் இணைப்பிலிருந்து விநாடிக்கொரு துளி விழுந்துகொண்டிருந்தது.

“சொட்டுத்தானே, அண்ணா!” என்றான் தம்பி.

இருபது துளி ஒரு மில்லிலிட்டர். நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் வீணாகும். ஆயினும் பெருங்கேடு வேறொன்று. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளூரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்தமையால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அக்குழாயில் வந்தது அந்தக் காவிரி நீர். அங்கே அது நாள் முழுதும் வருவதில்லை. வருகையில் விரிசல் நீரை வெளியே விடும். வரத்து நின்று குழாய் வெறுமையானால், புறத்திலுள்ள சாக்கடை நீரை அதே விரிசல் உள்ளே இழுக்கக் கூடும்.

தம்பி உடனே வால்வை மூடினான். பழைய இணைப்பின்மேல் பசை பூசிப் பயனில்லை. அதனை அறுத்து நீக்கினோம். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் துடைத்து, சொல்யூஷன் பூசி, புதுக் கப்ளிங்கில் செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். தாங்கலின்றித் தொங்கியதே பழுதுக்குக் காரணம். ஆதலின் அடியில் கல் வைத்தோம். மறுநாள் வால்வைத் திறந்து, முதலில் வந்த நீரைக் குடிக்காமல் விட்டுவிட்டோம்.

காவிரியை ஊர்வரை கொணர்வது அரசின் பணி. கடைசி முழத்தைக் காப்பது நம் பணியன்றோ?