அறுந்த கயிறு



சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக நிற்கிறது மற்றர்ஹோர்ண் சிகரம். உயரம் 4,478 மீற்றர். அதன் அடிவாரக் கிராமமான ஸேர்மற்றின் நூதனசாலையில் ஒரு கயிற்றுத் துண்டு உண்டு. சிகரத்தை விட்டு, அந்தத் துண்டைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

1865 யூலை 14இல் ஆங்கிலேயரான எட்வேட் விம்பர் உட்பட எழுவர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். இறங்குகையில் 19 வயது ஹடோ கால் வழுக்கி, முன்சென்ற வழிகாட்டி குறோஸ் மீது வீழ்ந்தார். பின்னாலிருந்த இருவரும் இழுபட்டனர். மேலே நின்ற உள்ளூர் வழிகாட்டி மூத்த பீற்றர் தவுக்வால்டர் பாறையைப் பற்றிக்கொண்டார். அவருக்குக் கீழே கயிறு அறுந்தது. நால்வர் பாதாளத்துள் மறைந்தனர்.

உயிர் தப்பியதே பீற்றருக்குப் பழியாயிற்று. கயிற்றை வெட்டினார் என்று ஊர் பேசியது. அம்மாதமே நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. வெட்டவில்லை என விம்பரும் தம் 1871ஆம் ஆண்டு நூலில் எழுதினார். எழுதியவர், இருந்தவற்றுள் மெலிந்த கயிற்றை இவர் ஏன் கட்டினார் என்றொரு ஐயத்தையும் விட்டுவைத்தார். அந்த மெலிந்த கயிறோ விம்பர் கொண்டுவந்தது! முதல் வாசிப்பில் இது என் மனதில் படவேயில்லை. நடை அத்தனை அழகு.

பீற்றர் நூலெதுவும் எழுதவில்லை. விசாரணையில் அவர் சொன்ன விடை மட்டும் இருக்கிறது: அது பலவீனமானதென்று கண்டிருந்தால், அதில் தம்மையே பிணைத்திருக்க மாட்டாராம்.