மதுரைச் சுல்தான்களின் காசுகள்



கல்லின்றிப் பூசலார் நெஞ்சில் எழுப்பிய கோயிலைச் சேக்கிழார் பாட்டில் நிலைநிறுத்தினார். அப்பூசலார் வாழ்ந்த திருநின்றவூரில் கூடியுள்ளோம். சொல் காத்த புகழுக்கு இவ்வூர் சான்று. பாட்டுக்கு எட்டாத மன்னர் சிலரைச் சிறு காசு காத்த செய்தியை இன்று உரைக்க விழைகிறேன்.

மதுரையில் தில்லியின் அதிகாரியாக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1335 அளவில் தன்னாட்சி கொண்டார். அவரும் அவர்க்குப் பின் வந்தோரும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆண்டனர். அஹ்சன் ஷாவின் மகளை மணந்தவரும் மதுரைக்கு நேரில் வந்தவருமான மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, முன்னோர் சிலரைப் பற்றி எழுதினார். நசீருத்தீன் அரியணை ஏறியதோடு அவர் குறிப்பு நின்றுவிடுகிறது. பின்னர் ஆண்ட ஆதில் ஷா, பக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா ஆகிய மூவரை நமக்கு அறிவிப்பவை காசுகளே.

இக்காசுகள் சிறியவை, பெரும்பாலும் செம்பாலும், வெள்ளி கலந்த மட்டமான உலோகத்தாலும் ஆனவை. அரபு எழுத்தில் பெயரும் பட்டமும், பலவற்றில் ஹிஜ்ரி ஆண்டும் காணலாம். நம் மெய்க்கீர்த்திகள் புகழை விரித்துரைக்கும். காசோ பெயரும் ஆண்டும் சொல்லி அமையும். தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ச், 1909இல் இக்காசுகளை ஆராய்ந்து எழுதினார்.

விசயநகர இளவரசன் குமார கம்பணனின் மதுரை வெற்றியை, அவன் தேவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என வடமொழியில் பாடினாள். சுல்தான் போரில் மாண்டான் என்பது காவியம் கூறும் முடிவு. அவ்வெற்றியை 1371 எனப் பொதுவாகக் கொள்வர். கம்பணன் மறைந்தது 1374இல். சிக்கந்தர் ஷாவின் காசுகளோ ஹிஜ்ரி 779, அதாவது 1377-78 வரை கிடைக்கின்றன! வென்றவன் மறைந்த பின்னும், வீழ்ந்ததாகப் பாடப்பெற்ற அரசின் பெயரால் காசு அடிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் ஒரு சிறு பகுதி அவர்களிடம் எஞ்சியிருந்தது போலும். காவியம் முற்றுப்பெற்ற இடத்துக்கு அப்பாலும் வரலாறு நடந்துள்ளது.

அந்த ஆண்டு எண் தேய்ந்திருந்தால் இவ்வுண்மை நம்மை எட்டியிராது. ஆகவே கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பழங்காசு கிடைத்தால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள். மண்ணிற் கண்ட புதையலாயின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். ஏடு தேடிக் காத்தோரின் வழிவந்தவர் நாம். காசையும் ஓர் ஏடாகக் கொண்டு காப்போம்.