ஆடும் கோழியும் தறியும் இருக்கிற வீட்டுக்கு எந்த நாய்?

நாய் வளர்க்கும் ஆசை பல வீடுகளில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறது. 2003-ல் வந்த ஒரு செல்போன் விளம்பரத்தில், சிறுவன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே ஓடியது. அந்தச் சப்பை மூக்கு நாய்க்கு நாடு முழுக்கக் கிராக்கி ஏறிவிட்டது. 2014-ல் சிபிராஜ் நடித்த 'நாய்கள் ஜாக்கிரதை', பெல்ஜியன் மாலினாய்ஸ் என்ற பெயரைத் தமிழ் ரசிகர்களுக்குப் பழக்கியது. பக் நாய் வெயிலில் மூச்சுக்குத் திணறுவதை விளம்பரம் காட்டவில்லை. போலீஸும் ராணுவமும் வேலைக்கு வைத்துக்கொள்கிற மாலினாய்ஸ், வேலை கொடுக்காமல் வீட்டில் கட்டிப்போட்டால் என்ன ரகளை செய்யும் என்பதற்குப் படத்தில் இடமில்லை.

படத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்கலாம். கருமத்தம்பட்டியையே எடுத்துக்கொள்வோம். சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஊர். சோமனூர் வட்டாரத்தோடு சேர்ந்த விசைத்தறி பூமி. இங்கே ஒரு குடும்பம் தறிக்கூடத்தை ஒட்டியே குடியிருக்கும். இன்னொன்று லைன் வீட்டில் இருக்கும். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது குடும்பம் ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளையில். பட்டியில் ஆடு, களத்தில் கோழி. இந்த மூன்று வீட்டுக்கும் ஒரே நாய் சரிப்படாது.

வெயில் மட்டும் மூன்றுக்கும் பொது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை; 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல் என்பதால், சித்திரை மத்தியானத்தில் இரைத்தும் பயனில்லை. சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கிக்கோ இரண்டு அடுக்கு ரோமம். தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஒரு பட்டியலே இருந்தது. ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் அதில் உண்டு. ஏ.சி. போட்டு வளர்ப்போம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் போனால் அந்த நாய் எங்கே போகும்?

அப்படியானால் நம்ம ஊர் இனமே போதும் என்று தோட்டத்துக்காரர் கன்னியையோ சிப்பிப்பாறையையோ தேடுவார். நியாயம்தான். தென்தமிழகத்துக் கரிசல் காட்டில் வளர்ந்த இனங்கள் வெயிலுக்கு அஞ்சாது. ரோமம் குட்டை, உடம்பில் வேண்டாத சதை கிடையாது. ஆனால் அவற்றை நம் முன்னோர் வளர்த்தது முயல் பிடிக்க. கண் முன்னால் எது ஓடினாலும் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. ஓடுவது முயலா, பக்கத்துத் தோட்டத்துச் சேவலா என்று நின்று விசாரிக்காது.

கொங்குச் சீமையில் இது சின்ன விஷயம் அல்ல. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் சமீப காலத்துச் செய்திகள். இப்படிக் கொதித்துக் கிடக்கிற ஊரில் அவிழ்த்துவிட்ட வேட்டை நாய் ஒரே ராத்திரியில் பங்காளிச் சண்டையை இழுத்துவந்துவிடும். ஆசை விடவில்லை என்றால், குட்டிப் பருவத்திலேயே ஆடு கோழிகளுக்கு நடுவே கண்காணித்து வளர்க்க வேண்டும். காலையும் மாலையும் வேலிக்குள்ளே ஓட இடம் கொடுக்க வேண்டும். அப்படியும் முழுசாக நம்பிவிடக் கூடாது.

காவல்தான் முக்கியம் என்றால் தேனிப் பக்கத்துக் கோம்பை இருக்கிறது, ராஜபாளையம் இருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. சைதாப்பேட்டையில் இந்த நாட்டு இனங்களுக்காகவே கால்நடைத் துறையின் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றும் இருந்தது. கோம்பை, ராஜபாளையம் இரண்டும் வீட்டு மனிதர்களிடம் உயிரையே வைக்கும். வெளியாளை எளிதில் சேர்க்காது. தோட்டத்துக்கு அது நல்ல குணம். தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டுக்கு அதுவே தலைவலி. நூல் இறக்க வண்டி வரும், பாவு கொண்டுவர ஆள் வரும், ஷிப்டு மாறும்போது பத்துப் பேர் கேட்டைத் திறந்து மூடுவார்கள். அங்கே காவல் நாயை நாளெல்லாம் கட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். கட்டியே கிடக்கிற நாய்க்கு வெறி கூடுமே ஒழிய விசுவாசம் கூடாது.

அந்த வீட்டுக்கு, தறிச் சத்தத்திலிருந்து கொஞ்சம் விலகிப் படுக்க இடம் இருந்தால், லாப்ரடார் ஒத்துவரும். ஆள் பார்த்துப் பகை வளர்க்காத இனம். அதன் ரோமமும் கனம்தான். மத்தியானத்தில் நிழலும் தண்ணீரும் தவறாமல் வேண்டும். அதன் வயிறு வேறு விஷயம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்துகிற மரபணுவில் ஒரு பகுதி குறைகிறது. டீ வேளையில் ஆளுக்கொரு பன், ஆளுக்கொரு வடை என்று போட்டால் அது மறுக்கவே மறுக்காது. உடம்பு பெருத்தால் இடுப்பு மூட்டு போய்விடும்.

ராட்வைலர் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு முன்பே, மார்ச்சில், ராட்வைலர் உட்பட 23 இனங்களுக்குத் தடை கோரி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது; கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏப்ரலில் ரத்து செய்தது. சட்டம் எப்படி முடிந்தாலும், குழந்தைகள் வாசலில் விளையாடுகிற வீட்டில், நாய் பழக்கத் தெரியாதவர்கள் கெத்துக்காக அதை வாங்குவது வெறும் அசட்டுத் துணிச்சல்.

லைன் வீட்டுக்கு? காலையில் பூட்டினால் இருட்டின பிறகுதான் திறக்கிற வீட்டில் குட்டியைத் தனியே விடுவது கொடுமை. பொமரேனியன் என்று சொல்லி விற்கப்படுகிற வெள்ளை நாய்களில் பல இந்தியன் ஸ்பிட்ஸ். உடம்பு சின்னது, குரல் பெரிது. ஒரே சுவரைப் பங்கிடுகிற பக்கத்து வீட்டுக்காரர் இரண்டே நாளில் சண்டைக்கு வருவார். ஷிப்டு மாற்றி ஒருவராவது வீட்டில் இருந்தால், தெருவிலேயே வளர்ந்த சாதுவான நாட்டு நாய்க்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து வைத்துக்கொள்ளலாம். அதன் குணம் முன்பே தெரிந்ததாக இருக்கும். அதற்கும் வழியில்லை என்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம்.

இனம் முடிவானதும் குட்டி பார்க்கப் போகலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ல் வந்த மத்திய அரசு விதி. தாய் நாயைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம். தாய் பயந்து பம்மினாலும் சீறிப் பாய்ந்தாலும் குட்டியிடமும் அந்தக் குணம் தலைகாட்டலாம். ராஜபாளையம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. தூய வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்தே வரும். குட்டியைத் தனியாகப் பிரித்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரு தட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை தட்டியும் திரும்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் முடிவு செய்யக் கூடாது. நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில், லாரி ஹாரன் கேட்காத நாயை வேலிக்கு வெளியே ஒரு நாளும் அவிழ்த்துவிட முடியாது.